மைனஸ் ஒன்று

கடனே வாங்காதவளுக்கு
சிபில் மதிப்பெண் மைனஸ் ஒன்று என்றார்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த கேசவமூர்த்தி.
பூஜ்யம்கூட இல்லையா என்றேன்.
பூஜ்யத்துக்கும் ஒரு வரலாறு வேண்டுமாம்.

வரலாறு இருக்கிறது, சார்.
நீடாமங்கலம் கடைத்தெருவில்
நைனா முகம்மது மளிகையில்
நீல அட்டை நோட்டில்
பதினொரு வருஷம்
துவரம்பருப்பு, சோப்புத்தூள், கால்லிட்டர் நல்லெண்ணெய்,
மாசம் ஏழாம் தேதி குறுக்கே ஒரு கோடு.
கோடு விழாத மாசம் ஒன்றுகூட இல்லை.

அந்த நோட்டு செல்லாது என்றார்.

பதினைந்தாயிரம் டெபாசிட் போட்டேன்.
அதன்மேல் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கார்டு வந்தது.
என் பணத்தைப் பூட்டிவைத்து
எனக்கு என்னையே ஜாமீன் நிற்கச் சொன்ன கார்டு.
ஆனாலும் பெயர் எழும்பி நின்றது.
கரண்ட் போன ராத்திரியில் விரலால் தடவி வாசித்தேன்:
தையல்நாயகி ஆர்.
ரேஷன் கார்டில் நான் மூன்றாவது வரி.
இதில் நான் மட்டும்.

எனக்கு வேலை மூணாறு தலைப்பில்,
தினக்கூலிக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.
காலை ஆறு மணிக்கு லஸ்கர் அளவுகோல் பார்த்துச் சொல்வார்,
வெண்ணாறு இவ்வளவு, கோரையாறு இவ்வளவு, பாமணியாறு இவ்வளவு.
நான் கட்டங்களை நிரப்புவேன்.
அளவுகோலில் உச்சிக்கோடு ஒன்று உண்டு;
தண்ணீர் அங்கே ஏறிவிட்டால் யாரும் தூங்கமாட்டோம்.
பன்னிரண்டாயிரத்தையும் அப்படித்தான் வாசித்தேன்.
மூவாயிரத்து அறுநூறைத் தாண்டவிடவில்லை.
பெட்ரோல் இருநூறு, போன் ரீசார்ஜ்,
ஒருமுறை மிக்ஸி ஜார்.
பதினெட்டாம் தேதி பில், ஐந்தாம் தேதி கெடு,
நான் இரண்டாம் தேதியே கட்டினேன்.
ஆறாம் மாசம் மைனஸ் போயிருந்தது.
எழுநூற்றுப் பதினெட்டு.

குறுவை அறுப்பில் அக்காள் புருஷன் வந்தார்.
அறுவடை மிஷின் வாடகை, ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
"மேல இடம் சும்மாதானே கெடக்கு?"
சும்மாதான் கிடந்தது.
மன்னார்குடி போய்த் தேய்த்தோம். ஒரு சத்தம், ஒரு சீட்டு.

அந்த வாரமே மழை.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று
திருப்பிய மூட்டைகள்
தார்ப்பாய்க்குள் முளைவிட ஆரம்பித்தன.
நெல்லுப்பணம் வரவில்லை. பில் வந்தது.
"கொறஞ்சபட்சம் ஐந்நூத்திச் சொச்சம் கட்டுனாப் போதுமாமே"
என்றார் மச்சான்,
அந்தச் சின்ன எண்ணை என்னைவிட முந்திப் படித்துவிட்டு.
போதும்தான்.
மீதி, நாம் தூங்கும்போதும் நடந்துகொண்டிருக்கும்.

இரண்டு மாசம் அப்படி நடந்தது.
பிறகு சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினேன்.
மதிப்பெண் அறுநூற்று எழுபதுக்கு இறங்கியிருந்தது.
அக்காவோடு மூன்று மாசம் பேச்சில்லை.
கோபம் எனக்கா அவளுக்கா என்று
இருவருக்கும் தெரியவில்லை.

மறுவருஷம், நான் இரவுமுறை பார்த்த அன்று,
கல்லணையில் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்று
லஸ்கர் டார்ச்சோடு ஷட்டருக்கு ஓடிய நேரத்தில்
போனில் ஒரு செய்தி:
வாழ்த்துகள்,
இனி டெபாசிட் தேவையில்லை, உங்கள் வரம்பு நாற்பத்தைந்தாயிரம்.
அரை அடிக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு
விடிந்த பிறகு சம்மதம் என்று அழுத்தினேன்.
மச்சானுக்குச் சொல்லவில்லை.
பெட்ரோல் இன்னமும் இருநூறுக்குத்தான் போடுகிறேன்.

நேற்று எழுநூற்று நாற்பத்தொன்று.
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
நைனா முகம்மது கடையில் சொன்னேன்.
கடுகுப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்டார்,
"எத்தனைக்கு?"
தொள்ளாயிரத்துக்கு.
நூல் நின்றது.
"அப்ப மிச்சம் நூத்தி அம்பத்தொம்போது எங்க?"

ஷட்டரை முழுக்க இறக்கினாலும்
அடியில் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும், பாய்.
எங்கள் பதிவேட்டில்
அதற்குக் கட்டம் கிடையாது.